கடன் கொடுத்துவிட்டு ஒளிந்துகொண்ட கம்பெனி

என் அண்ணியைப் பற்றி இப்போது ஊரே நல்ல வார்த்தை சொல்கிறது. வியாபாரிகள் சங்கத்தில் கூப்பிட்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கூடத்துக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்து முழுப்பக்கம் எழுதினாள். அந்த முழுப்பக்கத்தில் நான் ஒரு வரியில்கூட இல்லை. நாத்தனார் என்றால் சண்டை போட மட்டும்தான் வேண்டும் போலிருக்கிறது, கதையில் சேர்க்க வேண்டாம். போகட்டும். நானே சொல்லிவிடுகிறேன். என் மேல் தப்பு இருக்கிற இடத்தையும் மறைக்க மாட்டேன்.

என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அதிகம் பேச மாட்டான். வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் நானே பேசிவிடுவதால் அவனுக்கு மிச்சம் இருப்பதில்லை. என் வாய்க்குப் பயந்து வீட்டில் எனக்கு வைத்த பெயர் பட்டாசு. அண்ணி அவனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். கற்றுக்கொண்டது கார் மட்டும் இல்லை என்று ஆறு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. என்னைவிட நாலு மாதம் சின்னவள். இருந்தாலும் அண்ணி அண்ணிதான். நேரில் ‘வாங்க, போங்க’. மனசுக்குள் ‘அவள், இவள்’. இங்கே மனசுக்குள் இருப்பதையே எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகிப் போன இடத்தில் பதினாலு மாதம்தான் இருந்தேன். ஒத்துவரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அப்பா சாவதற்கு முன் வீட்டைச் சரிபாதியாக அண்ணன் பேரிலும் என் பேரிலும் எழுதிவைத்தார். மாடியில் தெருவைப் பார்த்த ஓர் அறை, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை, துணி காயப்போட ஒரு கொடி. இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த அரை வீடுதான். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். பல் பிடுங்கப் பயந்து எழுந்து ஓடுகிறவர்களை அதட்டி உட்கார வைப்பது என் பொறுப்பு.

அண்ணி பத்தொன்பது வயதில் ஒரு பெரிய கடன் கம்பெனியில் சேர்ந்தாள். தபால் உறைகளைக் கிழித்து, கடிதங்களைப் பிரித்து, அந்தந்த மேசையில் வைக்கிற வேலை. கிழிக்கச் சொன்னால் கிழித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இவள் ஒவ்வொரு கடிதத்தையும் படிப்பாள். ‘கடையில் தண்ணீர் புகுந்துவிட்டது’, ‘மனைவிக்கு ஆபரேஷன்’, ‘அடுத்த மாதம் இரண்டு தவணையாகக் கட்டுகிறேன்’ என்று தினமும் நூறு கடிதம். மூன்று வருடத்தில் யார் நிஜம் எழுதுகிறான், யார் கதை விடுகிறான் என்று கையெழுத்தைப் பார்த்தே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். தபால் மேசையிலிருந்து வசூல் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்து கடன் பிரிவுக்கு. பன்னிரண்டு வருடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை, வாசலில் பெயர்ப்பலகை, கீழே நிறுத்த இடத்தோடு கார். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்கென்றே நான் ஒருநாள் போய்விட்டு வந்தேன். சும்மா பக்கத்தில் வந்தேன் என்று சொல்லிவைத்தேன்.

அந்த அறையில் இருந்தபோதுதான் சாவிக்காரர் வந்து சத்தம் போட்டார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பூட்டு விற்று, சாவி வெட்டித் தருகிறவர். புதிய இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். கம்பெனி இல்லை என்று சொல்லிவிட்டது. மனிதர் கவுண்டரில் நின்றுகொண்டு கத்தியது உள்ளே கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டதாம். “போன தடவை வாங்கினேன். ஒரு தவணை தவறலை. ஆறு மாசம் முன்னாடியே மொத்தமா அடைச்சேன். எனக்கு ஏன் இல்லைன்றீங்க? காரணம் சொல்லுங்க, போய்டறேன்.”

காரணம் அண்ணிக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தாள். இனிமேல் கடன் கொடுக்கக்கூடாதவர்கள் என்று கம்பெனியில் ஒரு பட்டியல் உண்டு. ஏமாற்றியவன், ஓடிப்போனவன், பொருளைப் பறிமுதல் செய்ய வேண்டி வந்தவன் எல்லாம் அதில் இருப்பார்கள். அதில் சாவிக்காரர் பெயர் இருந்தது. அவர் மட்டும் இல்லை. நானூற்றுச் சொச்சம் பெயரில் பாதிக்கு மேல், கெடுவுக்கு முன்னாலேயே கடனை அடைத்த யோக்கியர்கள். ஏதோ பெரிய பிழை நடந்திருக்கிறது என்று நினைத்து, பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஜெனரல் மேனேஜரிடம் ஓடியிருக்கிறாள். நாங்கள் வீட்டில் அவரை நெட்டை என்போம். அவர் சிரித்தாராம்.

“பிழை இல்லம்மா. நான்தான் சேர்க்கச் சொன்னேன். முன்னாடியே அடைக்கிறவனால நமக்கு என்ன லாபம்? வட்டி நின்னு போகுது. பேப்பர் செலவுகூடத் தேறாது. கொஞ்சம் லேட்டா கட்டுறான் பாரு, அவன்தான் நம்ம தெய்வம்.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்ன ஆயிற்று என்று மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை சொன்னாள். கேட்டுவிட்டு நெட்டையை நான் திட்டிய திட்டு பக்கத்து வீடு வரை போயிருக்கும். அண்ணி திட்டவில்லை. “அந்தப் பாதிப் பேருக்குக் கடன் குடுத்தா ஒருத்தர்கூட ஏமாத்த மாட்டாங்க, பட்டாசு. அவங்களுக்குன்னே ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம்” என்றாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள். கண்ணாடிக் கதவு, கார், பெயர்ப்பலகை எல்லாம் போயிற்று. பட்டியலை அவள் கொண்டுவரவில்லை. அது கம்பெனியின் சொத்து என்று சொல்லிவிட்டாள். சாவிக்காரர் கடை எங்கே என்று மட்டும் ஞாபகம் இருந்தது. அது போதும் என்றாள்.

கம்பெனி ஆரம்பிக்க முதல் வேண்டுமே? ஒரு பேங்க் ஐந்து வருடத்துக்குப் பெரிய தொகை கடன் தருவதாகச் சொன்னது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டும். மூன்றாவது வருடக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். அன்றைக்கு முதல் தொகையில் ஒரு காசு குறைந்திருந்தாலும் கொடுத்த கடன் முழுவதையும் உடனே திருப்பிக் கேட்பார்கள். கொடுக்க முடியாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். வீட்டில் பாதி என்னுடையது. அதனால் என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது.

சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

“வீடு போச்சுன்னா நான் எங்க போறது?” என்றேன். “நீங்க ரெண்டு பேரும் வாடகைக்கு எங்கயாவது போவீங்க. நான் பெட்டியைத் தூக்கிட்டு உங்க பின்னாடி வரணுமா? ஒரு தடவை பெட்டி தூக்கினது போதாதா?”

அண்ணி சமாதானம் சொல்லவில்லை. “போகலாம்தான். போகவே போகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீ வேணாம்னா வேணாம். நான் வேற வேலை தேடிக்கறேன்” என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான். “அவ போட மாட்டா. விடு” என்றான். வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன், அந்த நாலையும் அன்றைக்கு அப்படிச் செலவழித்தான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்! “யார் சொன்னது போட மாட்டேன்னு? என் கையைப் பத்தி நீ யாரு சொல்றதுக்கு?” என்று பேனாவைப் பிடுங்கி, காட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன். போட்டு முடித்துப் பேனாவை அண்ணி பக்கம் உருட்டிவிட்டேன்.

“வீடு மட்டும் போகட்டும், உங்க வாசல்ல உக்காந்து ஊரைக் கூட்டி அழுவேன், ஆமா!”

“அப்ப வாசலே இருக்காதே” என்றாள் அண்ணி. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழேயிருந்து மை வாசனை மேலே வரும். ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு போன். போனுக்கு நான். பல் டாக்டரிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டை வைத்தாயிற்று, ஆளும் அங்கேயே இருந்தால்தான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அண்ணி காலையில் கிளம்பினால் ஒரு கடையில் போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவாள். கணக்கு நோட்டைக் கேட்க மாட்டாள். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருகிறார்களா, கடைக்காரர் சரக்குக் கொண்டுவந்தவருக்குப் பணத்தை எப்போது கொடுக்கிறார், இதை மட்டும் பார்ப்பாள். வந்தவனை நிற்கவைத்து, நாளை வா என்று சொல்கிற ஆளுக்குக் கடன் கிடையாது. கேட்பதற்கு முன் எடுத்துக் கொடுக்கிற ஆளுக்கு உண்டு. பதினெட்டு மாதக் கடன். எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம், அபராதம் இல்லை.

சாவிக்காரர் முதலில் வாங்கினார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கூட்டிவந்தார். அவர் அச்சகக்கார அம்மாவை. எட்டு மாதத்தில் தொண்ணூறு கடை. ஒரு தவணைகூடத் தவறவில்லை. முதல் தேதிக்குக் கட்ட வேண்டியதை இருபத்தெட்டாம் தேதியே கொண்டுவந்தார்கள். நான் தலைகால் புரியாமல் ஆடினேன். நெட்டை இப்போது வந்து பார்க்கட்டும் என்றேன்.

ஒன்பதாவது மாதம் கண்ணாடிக் கடைக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். மீதி முழுவதையும் மேசையில் வைத்தார். “அடைச்சாச்சும்மா. இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குவேன்” என்றார். நாங்கள் கைதட்டி அனுப்பிவைத்தோம். மறுநாள் இரண்டு பேர். அந்த வாரத்தில் ஏழு பேர். எல்லாருக்கும் கைதட்டினோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

பதினாலாவது மாதம் ஆடிட்டர் வந்து கணக்கைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க பணம் ஒரு காசு விடாம பத்திரமா திரும்பி வந்திருக்கு. அதுதான் பிரச்சினை” என்றார்.

எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னார். கொடுத்த பணம் சீக்கிரம் திரும்பி வந்தால் அதற்கு மேல் வட்டி கிடையாது. வந்த பணம் கணக்கில் சும்மா கிடக்கிறது. ஆனால் பேங்குக்கு நாம் கட்ட வேண்டிய வட்டி சும்மா கிடக்காது, ஓடுகிறது. அடைத்துவிட்டுப் போனவர்கள் மறுபடி வரவில்லை. வாடகை, சம்பளம், பேங்க் வட்டி எல்லாம் சேர்ந்து முதல் தொகையையே தின்ன ஆரம்பித்துவிட்டன. நூற்றுக்குப் பதினைந்து ஏற்கெனவே போய்விட்டது.

“அப்ப மீதியை இன்னிக்கே பேங்க்ல குடுத்துட்டுக் கடையை மூடிடலாமே?” என்றேன்.

“குடுக்கலாம். அந்தப் பதினஞ்சை எங்கிருந்து குடுப்பீங்க?”

அண்ணன் சம்பளத்தையும் என் சம்பளத்தையும் பத்து வருடம் சாப்பிடாமல் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது. வீட்டை விற்றுத்தான் தர வேண்டும். மூடினாலும் வீடு போகும், இப்படியே நடத்தினாலும் வீடு போகும். பேங்க் கணக்குப் பார்க்க இருபத்திரண்டு மாதம் இருந்தது. கடன் திரும்பி வரவில்லையே என்று அழுத கம்பெனிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். திரும்பி வருகிறதே என்று அழுத கம்பெனி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

“முன்னாடி அடைச்சா அபராதம்னு போடுங்க. எல்லாக் கம்பெனியும் போடுது” என்றார் ஆடிட்டர்.

“போடுங்க அண்ணி” என்றேன் நானும்.

“நாணயமா நடக்கறவனுக்கு அபராதம் போட்டா, நெட்டைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” என்றாள். நாணயத்தைப் பார்த்தால் என் வீடு என்ன ஆவது என்று நான் கத்தினேன். அவள் மறுநாள் வேறு பேங்குகளில் கேட்டுப் பார்க்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். மூன்று நாள் ஆபீஸ் என் பொறுப்பு.

இனிமேல்தான் என் தப்பு வருகிறது.

பணம் திரும்பி வருவதுதானே வினை? வராமல் செய்துவிட்டால்? முதல் நாள் கடனை அடைக்க வந்த ஆளிடம், ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். இரண்டாம் நாள் போனில் கேட்டவர்களிடம், பணம் வாங்குகிறவர் விடுமுறை என்றேன். பணம் வாங்குகிறவளும் நான்தான். மூன்றாம் நாள் ஆள் அதிகமாகிவிட்டது. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு, போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அச்சகக்கார அம்மா கதவை இடித்தாள். “உள்ள ஆள் இருக்கறது தெரியுது! ஃபேன் சத்தம் கேக்குது! மரியாதையாக் கதவைத் திறந்து பணத்தை வாங்கிக்கோங்க!” நான் தவழ்ந்து போய் ஃபேனை அணைத்தேன். வியர்த்துக் கொட்டியது. எட்டு மணி நேரம், சொன்னால் வெட்கக்கேடு, கடன் வாங்கியவர்களுக்குப் பயந்து கடன் கொடுத்தவள் ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஊர் வாயை மூட முடியுமா? கம்பெனி ஓடிப்போய்விட்டது என்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது.

நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி அப்போதுதான் வந்து பையைக் கீழே வைத்தாள். போன இடத்தில் எல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வாசலில் மணி அடித்தது. சாவிக்காரர். கையில் ஒரு காகிதப் பை, மூச்சு வாங்கியது.

“என்னம்மா இது? ஓடறதா இருந்தா சொல்லிட்டு ஓடக்கூடாதா? வாங்கின காசை நான் யார்கிட்டக் குடுக்கறது? மூணு நாளா அலையறேன்!”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். துண்டுக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். ரசீதுப் புத்தகம், விடுமுறை, ஃபேன், எல்லாம். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. சாவிக்காரரும் சேர்ந்து சிரித்தார். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “கடன் குடுத்தது நாம. நாம ஏன்டி ஒளியணும்?” என்றாள்.

பிறகு அவரை உட்காரவைத்து டீ கொடுத்தாள். “இன்னும் நாலு மாசம் இருக்கே. இப்பவே அடைக்கணும்னு ஏன் இவ்வளவு அவசரம்?” என்று கேட்டாள். பதினாலு மாதமாக நாங்கள் யாருமே கேட்காத கேள்வி அது.

“எனக்கு வருஷம் முழுக்கக் காசு வேணாம்மா” என்றார் சாவிக்காரர். “பள்ளிக்கூடம் திறக்கறப்ப சைக்கிள் பூட்டு நிறைய ஓடும். அதுக்கு முன்னாடி சரக்கு எடுக்க ஒரு பதினஞ்சு நாள் வேணும். மழைக்கு முன்னாடி இரும்புப் பூட்டு எடுக்க ஒரு பத்து நாள். திடீர்னு மலிவா சரக்கு வந்தா ஒரு வாரம். மத்த நாளெல்லாம் உங்க காசு என் கல்லாவுல உக்காந்து என்னையே முறைச்சுப் பாக்குது.”

“அப்ப அடைச்சுட்டு, அடுத்த பதினஞ்சு நாளுக்கு மறுபடி வாங்க வேண்டியதுதானே? நீங்க யாரும் வரவே இல்லையே?”

அவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மறுபடி மனு, மறுபடி ஜாமீன். மச்சான் கால்ல விழுந்து கையெழுத்து வாங்கணும். பதினஞ்சு நாள் காசுக்கு இருபது நாள் அலைச்சல். அதோட, மறுபடி கேக்க வெக்கமா இருக்கும்மா.”

அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். அவர் போன பிறகு கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். நெட்டை சொன்னது பாதி சரி, நாமும் பாதி முட்டாள் என்றாள். ஆட்களைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறோம். கடனைத்தான் அவர்களுக்குப் பொருந்தாத அளவில் தைத்துக் கொடுத்திருக்கிறோம். பதினெட்டு மாதச் சட்டையை எடுத்துப் பதினைந்து நாள் ஆளுக்கு மாட்டிவிட்டால் அவன் கழற்றி எறியாமல் என்ன செய்வான்?

இரண்டு நாளில் புதிய திட்டம் தயாராகிவிட்டது. வருடத்துக்கு ஒரே மனு, ஒரே ஜாமீன், ஒரு சின்னக் கட்டணம். அதற்குப் பிறகு கடைக்காரர் கேட்கவே வேண்டாம். காலையில் போன் பண்ணி எவ்வளவு என்று சொன்னால் போதும், பத்து மணிக்குப் பணம் போய்விடும். எத்தனை நாள் வைத்திருந்தாரோ அத்தனை நாளுக்கு மட்டும் வட்டி. காலையில் வாங்கி மாலையில் திருப்பினாலும் ஒரு நாள் கணக்கு. முன்கூட்டி அடைப்பது என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் கெடுவே கிடையாது.

ஆடிட்டர் தலையைச் சொறிந்தார். “ஒவ்வொரு நாளும் கணக்கு எழுதணும். செத்துருவீங்க” என்றார். “அதுக்கு ஆள் இருக்கு” என்று அண்ணி என்னைக் காட்டினாள்.

போன் அடிக்க ஆரம்பித்தது பாருங்கள்! காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை வரை எனக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. வெட்கப்பட்டவர்கள் எல்லாம் வெட்கத்தை விட்டுவிட்டார்கள். எங்களிடம் கெஞ்ச வேண்டியதில்லையே, ஒரு தொகையைச் சொன்னால் போதுமே. நான் குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவேன். “என்ன, குடை சரக்கு வந்துடுச்சா?” என்பேன். அச்சகக்கார அம்மா அளவுக்கு மீறிக் கேட்டால், “போன தடவை எடுத்ததுல பாதியைத்தான் செலவழிச்சீங்க, எதுக்கு இவ்வளவு?” என்று அதட்டுவேன். கடைத்தெருவில் இதற்குப் ‘பட்டாசுக் கடன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளம்பரப் பலகையில் அண்ணி எழுதியிருந்த பெயரை யாரும் சொல்வதில்லை.

அதே பணம்தான். முன்பு ஒருமுறை போய்வந்து தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது சாவிக்கடையிலிருந்து வந்த கையோடு நோட்டுப் புத்தகக் கடைக்குப் போகும், அங்கிருந்து குடைக்கடைக்கு. ஒரு நாளும் சும்மா கிடக்கவில்லை. தொண்ணூறு கடை நானூறு ஆயிற்று. ஜெராக்ஸ் கடைக்காரர் இடத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார். போன் எடுக்க எனக்குக் கீழே ஆறு பெண்கள். எல்லாருக்கும் முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: பணம் கொண்டுவருகிறவரைத் திருப்பி அனுப்பாதே. ஏன் என்று கேட்பவளிடம் கதையைச் சொல்ல மாட்டேன், முறைப்பேன்.

மூன்றாவது வருடக் கடைசியில் பேங்க் கணக்குப் பார்த்தது. அன்றைக்குக் காலையிலிருந்து என் மேசைப் போனை வேறு யாரையும் தொடவிடவில்லை. ஆடிட்டர் பேங்கிலிருந்தே போன் பண்ணினார். முதல் முழுசாக இருக்கிறது, அதற்கு மேல் நூற்றுக்கு நாலும் இருக்கிறது என்றார். நான் ஆபீஸில் போட்ட கூச்சலில் ஆறு பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் வெளியூரில் இரண்டு கிளை திறந்தோம். பெரிய கம்பெனியிலிருந்து ஒருநாள் போன் வந்தது. எடுத்தது நான். நெட்டையின் குரல். அண்ணியின் கம்பெனியை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயாராம். “மேடம் மீட்டிங்ல இருக்காங்க, லைன்ல இருங்க” என்று சொல்லிவிட்டுப் பதினோரு நிமிடம் காத்திருக்க வைத்தேன். அண்ணி பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வாங்கிப் பேசினாள். “விக்கறதா இல்லைங்க. உங்க பட்டியல்ல இன்னும் யாராவது மிச்சம் இருந்தா அனுப்பி வைங்க” என்று மரியாதையாகச் சொல்லி வைத்தாள்.

நாலாவது வருடம் முடிகிறபோது அண்ணி என்னையும் அழைத்துக்கொண்டு பேங்குக்குப் போனாள். ஐந்து வருடக் கடனை ஒரு வருடம் முன்னாலேயே மொத்தமாக அடைத்தாள். பேங்க் அதிகாரியம்மா கணினியைப் பார்த்தாள். சங்கடத்தோடு நெளிந்தாள். “மேடம், முன்கூட்டியே அடைக்கறதால ரெண்டு சதவீதம் அபராதம் வருது” என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அபராதத்தையும் சேர்த்துக் கட்டினாள்.

“இனிமே உங்களுக்கு வீட்டு அடமானமே வேணாம், மேடம். கம்பெனி பேருக்கே ரெண்டு மடங்கு தரோம்” என்றாள் அதிகாரியம்மா.

“நாள் கணக்குல தரீங்களா?”

“அப்படி ஒரு திட்டம் எங்ககிட்ட இல்லையே.”

“அப்ப ஒருநாள் எங்க ஆபீசுக்கு வாங்க, சொல்லித் தரேன்” என்றாள் அண்ணி. அதிகாரியம்மா நிஜமாகவே தேதி கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

வீட்டுப் பத்திரம் ஓர் உறையில் வந்தது. அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள். கூடவே தன் கைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தையும் எடுத்து நீட்டினாள். முந்தின நாள் பதிவு செய்தது. அண்ணன் தன் பாதி வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தான். கீழே சாட்சிக் கையெழுத்து அண்ணியுடையது.

“இது என்ன கூத்து? முழு வீடும் என் பேர்லயா? நீங்க எங்க போவீங்க?”

“எங்கயும் போகலை. நீ வச்சிருந்தா இருப்போம். இனிமே நான் புத்தி கெட்டுப் போய் எதையாவது அடமானம் வைக்க நினைச்சாலும் இந்த வீட்டைத் தொட முடியாது. உங்க அண்ணன்தான் முதல்ல சொன்னாரு.”

“எனக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்? பாதி போதாதா?”

“என் கம்பெனிக்கு முதல் கடன் குடுத்தது பேங்க் இல்ல, பட்டாசு. அவங்க பத்திரத்தைப் பாத்துக் குடுத்தாங்க. நீ இருந்த ஒரே இடத்தை எடுத்துக் குடுத்தே. மத்த எல்லாருக்கும் முன்னாடியே அடைச்சுட்டேன். உனக்குத்தான் நாலு வருஷம் இழுத்துட்டேன்.”

வட்டி எங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நாளில்கூட நான் யார் முன்னாலும் அழுததில்லை. அன்றைக்குப் பேங்க் கூடத்தில், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவளும் அழுதாள். அதிகாரியம்மா பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.